வெப்பக் கடலில் பவளம்: அடிநீர் தரும் சத்து வேறு, சாக்கடை தரும் சத்து வேறு

செம்பூர் அலைவாய்:

மும்பை ஹாஜி அலி பாறைகள் பற்றிய இழையில் ஒரு நண்பர், "கடலே சூடாகிக்கொண்டிருக்கிறது, சாக்கடையை மட்டும் நிறுத்தினால் பவளம் பிழைத்துவிடுமா?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்லிக் கடந்துபோக மனம் வரவில்லை. அதனால் தனி இழை.

முதலில் அடிப்படை. பவளம் ஒரு விலங்கு. அதன் தசைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை அந்தப் பாசி வெயிலை வைத்துத் தயாரித்துக் கொடுப்பதுதான். ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றாலே போதும், பாசியின் ஒளிச்சேர்க்கை கெட்டுவிடுகிறது. திசுவை அரிக்கிற ஆக்சிஜன் மூலக்கூறுகள் உள்ளே பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியே தள்ளுகிறது. நிறம் போய், கண்ணாடி போன்ற தசை வழியே வெள்ளை எலும்பு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறோம். வெளிறியதெல்லாம் செத்தது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும். குளிராவிட்டால் பட்டினியில் சாகும்.

1998, 2010, 2014-17 என்று உலகம் முழுக்க மூன்று வெளிறல்கள் வந்தன. நான்காவது வந்துவிட்டதை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். லட்சத்தீவில் அகத்தி, கட்மத், கவரத்தி மூன்று தீவுகளிலும் 1998ல் 37 சதவீதம் இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 2022க்குள் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மன்னார் வளைகுடாவில் 2016 கோடை ஒன்றிலேயே சுமார் 39 சதவீதம் 23ஆக இறங்கியது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரே தீவில், ஒரே சூட்டில், ஒரு பக்கம் சாகிறது, மறுபக்கம் பிழைக்கிறது. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் 2010ல் இதுதான் நடந்தது. அந்தமான் நிக்கோபார் முகடுகளில் அலைப்பெருக்கு மோதும்போது கடலுக்கு உள்ளேயே பெரிய அலைகள் கிளம்பிக் கிழக்கே போகின்றன. மேற்பரப்பில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழே ஆழத்துக் குளிர்நீர் பாறைச் சரிவில் ஏறி வரும், நிமிடங்களில் பல டிகிரி குறையும், பிறகு வடியும். அந்த உள்ளலை அடிக்கிற மேற்குப் பக்கத்தில் வெளிறலும் சாவும் குறைவு. ஒதுங்கிக் கிடந்த கிழக்குப் பக்கத்தில் அதிகம்.

குளிர் மட்டும் காரணம் இல்லை. அடிநீர் சத்தோடு வருகிறது, மிதவை உயிரிகளோடு வருகிறது. பாசியை இழந்த பவளம் கைகளை நீட்டி அவற்றைப் பிடித்துத் தின்கிறது. ஹவாயில் ஒரு மான்டிபோரா இனம் வெளிறிய பிறகு இப்படி வேட்டையாடியே தன் முழுத் தேவையையும் ஈடுகட்டியது என்று 2006லேயே காட்டியிருக்கிறார்கள்.

அதனால் சூடு மட்டுமே விதி என்பதை நான் ஏற்கவில்லை. சூடு ஏறும் நேரத்தில் எந்த நீர் பவளத்தின் மேல் ஓடுகிறது என்பது பாதி விதி.

---

மாட்டுங்கா மீனா:

அலைவாய் சார், நல்ல இழை. ஒரு சந்தேகம். வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்திருக்கிறேன். நைட்ரேட் ஏறினால் பவளம் போய்விடும் என்றுதான் எல்லாரும் சொல்லித் தந்தார்கள், நானும் பார்த்திருக்கிறேன். நீங்கள் சத்தோடு வரும் தண்ணீர் காப்பாற்றுகிறது என்கிறீர்கள். அப்படியானால் வொர்லி, பாந்த்ராவில் 3 கி.மீ.க்கு மேல் கடலுக்குள் குழாய் போட்டு இந்த ஊர்க் கழிவை விடுகிறார்களே, அதிலும் சத்துதானே இருக்கிறது?

---

பவாய் ராஜி:

மீனா அக்கா கேட்டதுதான் இந்த இழையின் மையம். நான் நீர் வேதியியல் பக்கம் வேலை பார்ப்பவள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சத்து என்று ஒற்றைச் சொல்லில் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். நைட்ரஜன் எவ்வளவு, பாஸ்பரஸ் எவ்வளவு, இரண்டுக்கும் என்ன விகிதம், நைட்ரஜன் எந்த வடிவில் வருகிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். சாக்கடைக்கும் இதே கேள்விகள்தான். திறந்த கடலில் மிதவை உயிரிகளின் உடலில் 16 நைட்ரஜனுக்கு ஒரு பாஸ்பரஸ் என்பது சராசரி. ஆழத்து நீரும் ஏறக்குறைய இந்த விகிதத்தில்தான் இரண்டையும் கொண்டு வருகிறது. நிலத்தில் இருந்து வருவது அப்படி இல்லை. வயலில் போட்ட யூரியாவில் ஒரு பகுதி நைட்ரேட்டாகக் கரைந்து ஓடிவிடுகிறது. பாஸ்பரஸ் மண்ணோடு ஒட்டிக்கொண்டு வழியிலேயே தங்கிவிடுகிறது. கடலுக்கு வந்து சேர்வது நைட்ரஜன் கூடிப்போன தண்ணீர்.

இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2013ல் செய்த சோதனை முக்கியமானது. நைட்ரஜன் தாராளம், பாஸ்பேட் பஞ்சம் என்று பவளங்களை வளர்த்தார்கள். நைட்ரஜன் கிடைத்ததால் உள்ளிருக்கும் பாசி பெருகியது. பெருகிய பாசிக்கு வேண்டிய பாஸ்பரஸ் இல்லை. வண்டி வண்டியாகச் செங்கல் வந்து இறங்கியும் சிமென்ட் இல்லாத வீட்டு வேலை மாதிரி, பாசி தன் ஒளிச்சேர்க்கைச் சவ்வுகளைப் பாஸ்பரஸ் இல்லாத கொழுப்பை வைத்துக் கட்டிக்கொண்டது. அந்தச் சவ்வு சூட்டையும் வெயிலையும் தாங்கவில்லை. வழக்கமாகத் தாங்கக்கூடிய வெப்பத்திலேயே பவளம் வெளிறியது.

இதை யோசித்துப் பாருங்கள். கடலின் வெப்பமானி கூடியதாகக் காட்டவே இல்லை. ஆனால் பவளம் தாங்கும் எல்லை கீழே இறங்கிவிட்டது. ஃபுளோரிடாவின் லூ கீ பாறையில் முப்பது வருடம் தண்ணீர் எடுத்துப் பார்த்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்: நைட்ரஜன் பாஸ்பரஸ் விகிதம் ஏறிய பிறகு வெளிறலும் நோயும் கூடின.

நைட்ரஜனின் வடிவமும் முக்கியம். மீன் கழிவில் வருவது அம்மோனியம், அதோடு பாஸ்பரஸும் சேர்ந்து வரும். பவளங்கள் அதில் நன்றாகவே வளர்கின்றன. உரத்தில் இருந்து வரும் நைட்ரேட்தான் பெரும்பாலும் வளர்ச்சியைக் குறைக்கிறது. அக்காவின் தொட்டியில் நடந்தது இந்தக் கணக்கில் அப்படியே பொருந்துகிறது.

---

தாராவி செல்வம்:

ராஜி அம்மா சொன்னது ஏட்டில் உள்ளது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்களுக்குச் சொந்த ஊர் மண்டபம் பக்கம். 2019ல் ஊரில் இருந்தபோது பூங்கோரை வந்தது. கடல் கரும்பச்சை. கையில் அள்ளினால் தண்ணீர் கஞ்சிப் பதத்தில் வழுக்கியது. நாற்றம் ஊருக்குள் வரை வந்தது. பாரில், அதாவது கடலடிப் பாறையில், கிடக்கிற மீன்கள் கரையில் ஒதுங்கின. பாரை விட்டு ஓடாத மீன் செத்தால், அங்கே மூச்சுவிட ஒன்றும் இல்லை என்று எங்கள் சித்தப்பா சொன்னார். அவர் சங்கு எடுக்க முங்குகிறவர். ஒரு வாரம் கழித்துச் சிங்கிள் தீவுப் பக்கம் முங்கிப் பார்த்துவிட்டு, மான்கொம்பு மாதிரிக் கிளை விட்ட பவளமெல்லாம் வெளுத்து, அதன்மேல் அழுக்கு படிந்து கிடக்கிறது, உருண்டைப் பவளம் மட்டும் கொஞ்சம் உயிரோடு இருக்கிறது என்றார்.

அது கோடை இல்லை. செப்டம்பர், அக்டோபர். சூட்டில் சாகவில்லை.

---

பவாய் ராஜி:

செல்வம் அண்ணே, உங்கள் சித்தப்பா பார்த்தது ஆய்விலும் பதிவாகியிருக்கிறது. பூங்கோரை என்பது நாக்டிலூக்கா என்ற ஒருசெல் உயிரி. சத்து மிகுந்த நீரில் திடீரென்று பெருகும், பிறகு ஒரேயடியாகச் செத்து அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிங்கிள் தீவில் அளந்தபோது ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு விழுந்திருந்தது. அக்ரோபோரா, மான்டிபோரா, போசிலோபோரா போன்ற வேகமாக வளரும் இனங்கள்தான் அதிகம் செத்தன. மெதுவாக வளரும் உருண்டைப் பவளங்கள் தாங்கின. மன்னார் வளைகுடாவில் 2008லும் இதே உயிரி பெருகிப் பவளங்களைக் கொன்றிருக்கிறது.

மும்பைக்காரர்களுக்கு ஒரு தகவல்: ஜுஹுவில் சில குளிர்கால இரவுகளில் அலை நீலமாக மின்னுகிறது என்று படம் எடுக்கப் போகிறோமே, அதுவும் நாக்டிலூக்காதான்.

---

முலுண்ட் சங்கர்:

எல்லாரும் அக்கறையோடு எழுதுகிறீர்கள், மதிக்கிறேன். ஆனால் அலைவாய் சொல்லும் "பாதி விதி" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நீரோட்டத்தை நம்புவது ஆபத்தான ஆறுதல் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். கலாபகஸ் தீவுகள் அடிநீர் மேலெழும் இடத்துக்குப் பெயர் போனவை. 1982-83ல் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடான எல் நினோவில் அந்த மேலெழுச்சி அடங்கியது. அங்கிருந்த பவளத்தில் 95 சதவீதத்துக்கும் மேல் செத்தது. இன்னொன்று, ஆழத்து நீரில் கரியமில வாயு அதிகம், அமிலத்தன்மை கூடியது. அதனால் செத்த பவளத்தின் எலும்புக்கூடு கெட்டிப்படாமல் சில வருடங்களில் அரித்துக் கரைந்துபோனது. சிமிலானின் மேற்குப் பக்கத்தில் பவளம் உயிரோடு இருக்கிறது, சரி. ஆனால் அங்கே பவள எலும்புகள் சேர்ந்து உருவாகும் முறையான பாறைத்திட்டு எழும்பவே இல்லை. கிழக்குப் பக்கத்தில்தான் திட்டு இருக்கிறது. இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது.

அப்புறம் பனாமா. பனாமா வளைகுடாவில் ஒவ்வொரு வருடமும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வணிகக் காற்று மேல்நீரைத் தள்ள, அடிநீர் மேலே வரும். 2015-16 வெப்ப அலையில் அங்குள்ள பவளம் பக்கத்து வளைகுடாவைவிடக் குறைவாக வெளிறியதற்கு இதைத்தான் காரணம் காட்டினார்கள். 2025ல் அந்த மேலெழுச்சி வரவே இல்லை. காற்று அடங்கிவிட்டது. 40 வருடப் பதிவில் இது முதல் முறை. நாம் நம்பும் அரணே காற்றையும் பருவத்தையும் நம்பித்தான் நிற்கிறது, அந்தக் காற்றையும் வெப்பமாதல் மாற்றுகிறது.

கடைசியாக, பூமி 1.5 டிகிரி சூடானால் 70 முதல் 90 சதவீதப் பவளப்பாறைகள் போகும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் போகும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி 2018லேயே எழுதிவிட்டது. இதற்கு முன்னால் சாக்கடைக் குழாய் எம்மாத்திரம்?

---

செம்பூர் அலைவாய்:

சங்கர் சார், பனாமாவைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அதோடு நம் பக்கத்து உதாரணம் ஒன்றையும் சேர்க்கிறேன். கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கமும் அடிநீர் மேலே வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. லட்சத்தீவிலும் மன்னாரிலும் பவளத்தை வதைக்கும் சூடு ஏப்ரல், மே. பருவக்காற்று தொடங்கும் முன் தென்கிழக்கு அரபிக்கடலில் 30 டிகிரிக்கு மேல் ஒரு வெந்நீர்த் திட்டே உருவாகிறது. மன்னாரில் மேற்கே இருந்து அடிக்கும் கச்சான் காற்று கிளம்பும்வரை கடல் அசையாமல் கிடக்கும். நீவாடு (நீரோட்டம்) தளர்ந்த அந்த நாட்களில்தான் வெளிறல். குளிர்நீர் எவ்வளவு வந்தாலும் சூடு வரும் மாதத்தில் வராவிட்டால் பயன் இல்லை. இந்த அளவுக்கு நீங்கள் சொல்வது முழுக்க உண்மை.

ஆனால் உங்கள் கடைசி வரியை ஏற்க மாட்டேன். 1.5 டிகிரியில் மிஞ்சப்போகும் அந்தப் பத்து, முப்பது சதவீதம் எது என்பதை யார் தீர்மானிக்கப் போகிறார்கள்? ஓடுகிற நீர், கலப்பு நீர், சுத்தமான நீர் இருக்கும் இடங்கள்தான் அந்தப் பட்டியலில் வரும். 1998ல் ஒகினாவாவில் வெளிறிய பவளங்களைப் பார்த்தவர்கள், நீர் வேகமாக ஓடிய இடங்களில் பிழைத்தவை அதிகம் என்று கண்டார்கள். ஓட்டம் பவளத்தின் தோலில் ஒட்டி நிற்கும் நீர்ப்படலத்தை மெல்லியதாக்குகிறது. உள்ளே உண்டாகும் கெட்ட ஆக்சிஜன் பொருட்கள் சீக்கிரம் வெளியே கழுவப்படுகின்றன. அந்த இடத்தின் வெப்பம் ஒரு டிகிரிகூடக் குறையத் தேவையில்லை. வெறும் ஓட்டமே உதவுகிறது. நாம் என்ன செய்கிறோம்? கரையோரம் சுவர் கட்டி, துறைமுகக் கரம் நீட்டி, ஓடிய நீரை நிற்க வைக்கிறோம். நின்ற நீரில் சாக்கடையும் விடுகிறோம். நான் கோபப்படுவது இதற்குத்தான்.

உலகத்தின் கரியமில வாயுவை இந்த இழையில் உள்ள நாம் யாரும் தனியாகக் குறைத்துவிட முடியாது. நைட்ரஜன் அப்படி இல்லை. அது மாநகராட்சி, மாவட்டம், ஊராட்சி அளவில் பிடிக்கக்கூடிய விஷயம்.

இந்தியப் பெருங்கடலின் நடுவில் உள்ள சாகோஸ் தீவுகளைப் பாருங்கள். சில தீவுகளில் கப்பல்களில் வந்த எலிகள் கடற்பறவைகளை அழித்துவிட்டன. எலி நுழையாத தீவுகளில் பறவைகள் நடுக்கடலில் மீன் தின்றுவிட்டு வந்து தீவில் எச்சமிடுகின்றன, அந்தச் சத்து மழையில் பாறைத்திட்டுக்கு இறங்குகிறது. எலி இல்லாத தீவுகளைச் சுற்றி மீன் எடை ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்று 2018ல் கண்டார்கள். அங்கே அக்ரோபோரா இரண்டு மடங்கு வேகமாக வளர்கிறது என்று 2023ல் எழுதினார்கள். வெளிறலை அந்த எச்சம் தடுத்துவிடவில்லை. விழுந்தபின் எழுவதை வேகப்படுத்துகிறது. அடுத்த வெப்ப அலை ஆறேழு வருடத்துக்குள் வந்துவிடுகிற காலத்தில் எழும் வேகம்தான் எல்லாம்.

---

மாட்டுங்கா மீனா:

அப்படியானால் மும்பை? இந்தக் கலங்கல் தண்ணீரில் பவளம் இருக்கிறது என்றாலே என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை.

---

செம்பூர் அலைவாய்:

இருக்கிறது அக்கா. பாறைத்திட்டு என்று சொல்லும் அளவுக்கு இல்லை. உள்ளங்கை அளவுப் படர்வுகள், கல்லோடு கல்லாக. கடற்கரைச் சாலைக்காக 2020ல் ஹாஜி அலி, வொர்லியில் இருந்து 18 பவளத் தொகுதிகளைப் பெயர்த்து இடம் மாற்றினார்கள். பெரும்பகுதி கொலாபா நேவி நகர்ப் பக்கம் போனது. தேசிய கடலியல் நிறுவனத்தார் செய்த வேலை.

நல்ல இறக்கம் உள்ள நாளில் ஹாஜி அலிப் பாறைகளில் குனிந்து பாருங்கள். பச்சையும் பழுப்புமாகத் தோல் விரித்த மாதிரித் தெரிவது ஜோவாந்திட், பவளத்துக்கு உறவு. தண்ணீர் வடிந்ததும் ஒவ்வொரு வாயும் மூடி, பாறை முழுக்க மொட்டு மொட்டாக இருக்கும். குட்டையில் தண்ணீர் நிற்கும் இடத்தில் மட்டும் திறந்திருக்கும். பக்கத்துப் பிளவில், வண்டல் படிந்த கல்லில், தேன்கூட்டுக் கண்கள் போல் வரிசையாகத் தெரிவதுதான் பொய்த்தலையணைப் பவளம். மேலே விழுந்த சேற்றைத் தானே தள்ளிவிடத் தெரிந்த இனம். காலை எங்கே வைக்கிறோம் என்று பார்த்து நடக்க வேண்டும், மிதித்தால் போய்விடும்.

கலங்கல் நீர் வெயிலை மறைப்பதால் வெளிறல் குறையும் என்று ஒரு கருத்து உண்டு, கட்ச் வளைகுடாவுக்கு அதைச் சொல்வார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் அதை வைத்து "மும்பைப் பவளத்துக்கு அழுக்கு நல்லது" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இங்கே பிழைத்திருப்பவை ஏற்கெனவே சலித்து எடுக்கப்பட்ட சில இனங்கள். மற்றவை எப்போதோ போய்விட்டன.

---

தாராவி செல்வம்:

அலைவாய் அண்ணாச்சி, ஒரு உதவி. என் தங்கை மகன் தூத்துக்குடியில் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறான். ஆய்வுக்கு வான் தீவுப் பக்கம் எடுக்கலாமா என்று யோசிக்கிறான். வெப்பம் மட்டும் பார்த்தால் போதும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். இந்த இழையைப் படித்தபின் எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. என்ன சொல்ல?

---

பவாய் ராஜி:

நல்ல இடம் அண்ணே. வான் தீவு அரித்துக்கொண்டு போனதால் 2015ல் இருந்து அங்கே செயற்கைப் பாறைகள் இறக்கியிருக்கிறார்கள். நீரோட்டம் மாறிய இடத்தில் பவளம் எப்படி உட்காருகிறது என்று பார்க்க வாய்ப்பு உண்டு.

வெப்பத்தைச் செயற்கைக்கோள் படத்தில் இருந்து மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கடலின் மேல்தோலைத்தான் பார்க்கும். பவளம் இருக்கும் ஆழத்திலேயே பதிவுக்கருவியைக் கட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிய வைக்க வேண்டும். மணிக்கொரு அளவு, நாளுக்கொரு அளவு என்று போனால் குளிர்நீர் வந்துபோனதே தெரியாது.

தண்ணீரில் நைட்ரேட்டோடு நின்றுவிட வேண்டாம். அம்மோனியம், பாஸ்பேட் இரண்டும் அதே மாதிரியில் அளக்க வேண்டும், விகிதம் போடாமல் எழுதினால் எண்ணுக்கு அர்த்தம் வராது. தீவின் கரைநோக்கிய பக்கம், கடல்நோக்கிய பக்கம் இரண்டிலும் எடுக்கட்டும். ஏப்ரல், மே கட்டாயம். முடிந்தால் அக்டோபரும், பூங்கோரைக் காலம் அதுதான். அந்த மாதம் ஆக்சிஜனை விடியும் முன் அளக்க வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜன் விடுவதால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும், உயிர் போவது இரவில்.

---

தாராவி செல்வம்:

விடியும் முன் என்றால் வள்ளம் வேண்டும். சித்தப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், அவர் எப்படியும் நாலு மணிக்குக் கிளம்புகிறவர். மாதிரித் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவர ஏதாவது கவனிக்க வேண்டுமா?

---

பவாய் ராஜி:

கட்டாயம். எடுத்த உடனே வள்ளத்திலேயே வடிகட்டி, வெளிச்சம் படாமல் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். மீன் போடுகிற ஐஸ் போதும், ஆனால் மீன் வைத்த பெட்டி கூடாது. மீன் ரத்தமும் கழுவிய நீரும் ஒரு சொட்டு பட்டாலும் அம்மோனியம் கணக்கு கெட்டுவிடும். வடிகட்டாமல் வெயிலில் விட்டால் பாட்டிலுக்குள் இருக்கும் பாசியே நைட்ரேட்டைத் தின்று முடித்துவிடும், ஆய்வகத்துக்குச் சுத்தமான தண்ணீர்தான் போய்ச் சேரும். பாஸ்பேட் இல்லாத சோப்பில் பாட்டிலைக் கழுவச் சொல்லுங்கள். தம்பிக்கு முடிவு அட்டவணை கையில் வந்ததும் இங்கேயே போடட்டும், நானும் சேர்ந்து பார்க்கிறேன்.